கண்டபின் எளியன

மக்கள் வாழ்வுக்குப் பயன்படும் அறிவு இருவகைப்படும். ஒன்று, நூல்களிற் பொறிக்கப்பட்டு, ஆசிரியராற் கற்பிக்கப்பட்டு, பரீட்சையில் வினாவப்படுவது. மற்றொன்று, எவராலும் எழுதப்படாது, கையிலிருந்து கைக்கும் கண்ணிலிருந்து கண்ணுக்கும் மாறி வருவது. முன்னையதற்குப் பட்டமும் பரிசும் உண்டு. பின்னையதற்குப் பெயர்தானும் இல்லை. ஆயினும், காலையில் அடுப்பு மூட்டுவது முதல் இரவில் விளக்கணைப்பது வரை நம்மைக் காத்து வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அறிவேயாம். கற்றோர் கூடிக் கொண்டாடும் ஆண்டு விழா மலரில், கல்லாதார் எனப்படுவோரின் அறிவைக் குறித்தும் சில பக்கங்கள் இருத்தல் தகும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அன்றாட வாழ்வின் எளிய உபாயங்கள். அவற்றுக்குப் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. காணுமுன் அவை ஒருவருக்குந் தோன்றா, கண்டபின், “இதுவும் ஓர் அதிசயமா? நானே செய்திருப்பேனே!” என்று எல்லோரும் கூறுவர். அங்ஙனங் கூறுவோர் ஏன் முன்னரே செய்யவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

தமிழாசிரியர் என்ற முறையிற் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. உபாயம் என்பது வடசொல். அதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் சூழ்ச்சி. பழைய நூல்களில் அச்சொல் ஆழ்ந்து ஆராய்தல் என்னும் நற்பொருளிலேயே பெரிதும் வழங்கிற்று. இன்றோ அது வஞ்சகத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. உத்தி என்னும் சொல்லை இலக்கண நூலார் நூலமைக்கும் முறைகளுக்கு வழங்கினர்; நன்னூலார் அவற்றை 32 என வகுத்தார். நூல் செய்வதற்கு முப்பத்திரண்டு உத்திகளை எண்ணி வைத்த நாம், சோறாக்குவதற்கும் சுமை தூக்குவதற்கும் நம் மூதாட்டியர் கண்ட உத்திகளை எண்ணவேயில்லை.

எளியது ஏன் எளிதிற் புலப்படுவதில்லை என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றைக் காட்டுவோம். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867 ஆம் ஆண்டில். அன்று தொட்டு நூறாண்டுகளுக்கு மேலாகக் கண்டிப் புகையிரத நிலையத்திற் பிரயாணிகளின் பெட்டிகளைச் சுமைகாரர் தலையிலும் தோளிலும் சுமந்தனர். வண்டியின் கீழும் சக்கரம். வெளியே நின்ற மாட்டு வண்டியின் கீழும் சக்கரம். ஆயினும் பெட்டியின் கீழே சக்கரத்தைப் பொருத்தலாம் என்ற எண்ணம் பரவவில்லை. கண்டியில் மட்டுமன்று, உலகெங்கும் நிலைமை அதுவே. மனிதன் சக்கரத்தைக் கண்டு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. 1969 இல் அவன் சந்திரனிற் காலடி வைத்தான். அதற்கு அடுத்த ஆண்டிலேதான் பேர்னாட் சடோ என்னும் அமெரிக்கர், விமான நிலையத்தில் ஒரு தொழிலாளி பாரமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் இலகுவாகத் தள்ளிச் செல்வதைக் கண்டு, பிரயாணப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டினார். 1972 இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் அணுகிய கடைக்காரர் பலர் முதலில் அதனை வாங்க மறுத்தனர். பெட்டியை நிமிர்த்தி இரு சக்கரத்தில் இழுத்துச் செல்லும் இன்றைய முறையை ரொபேட் பிளாத் என்னும் விமானி 1987 இற் கண்டார். இதிலிருந்து நாம் அறிவது யாது? பொருள் இல்லாமையாலன்று, அறிவு இல்லாமையாலுமன்று, “இப்படித்தான் இருக்கும்” என்ற பழக்கத்தினாலேயே நாம் துன்பத்தைச் சுமக்கின்றோம் என்பதாம்.

இனிக் கண்டி நாட்டுக்கு வருவோம். மலையும் காடும் மழையும் மிக்க இந்நாட்டில் மக்கள் எத்தகைய உபாயங்களைக் கையாண்டனர் என்பதற்கு முந்நூறாண்டுகளுக்கு முற்பட்ட எழுத்துச் சான்று நமக்குண்டு. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய வாலிபர் 1660 இற் கொட்டியாற்றுப் பகுதியிற் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்க மன்னனின் கைதியாகக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபதாண்டுகள் வாழ்ந்தார். கண்டிக்கு அணித்தான எலதெத்தையில் நிலம் வாங்கிக் குடியிருந்த அவர், 1679 இல் தப்பியோடித் தாம் கண்டவற்றை 1681 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அரசன், அமைச்சர், போர் என்பவற்றோடு நின்றுவிடாது, சாதாரண மக்கள் தம் சிறு இடர்களை எவ்வாறு தீர்த்தனர் என்பதையும் அவர் எழுதி வைத்தமை அந்நூலின் தனிச் சிறப்பு.

அட்டைக் கடியைப் பற்றி அவர் கூறுவது கேட்கத்தக்கது. அந்நாளில் வழிச்செல்வோர் எலுமிச்சம் துண்டையும் உப்பையும் ஒரு சீலைத் துணியில் முடிந்து, அதனை ஒரு கோலின் நுனியிற் கட்டிக்கொண்டு, நடக்கும்போதே இடையிடையே காலில் ஒற்றுவராம், அட்டைகள் உதிர்ந்துவிடும். வேறு சிலர் நாணலைத் தட்டையாகவும் கூராகவும் கத்திபோற் சீவி வைத்துக்கொண்டு, அதனால் அட்டையை வழித்தெடுப்பர். இன்னுஞ் சிலர் கடிக்க விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்தபின் கால் முழுவதும் சாம்பலைத் தேய்த்து ஒரேயடியாக நீக்குவர். அட்டையின் உடம்பு ஈரத்தாலானது. உப்பு அவ்வீரத்தை வெளியே இழுக்கும். சாம்பல் அதனை உறிஞ்சும். புளிப்பு அதன் தோலைச் சுடும். குனியாமலே, நடையை நிறுத்தாமலே காரியத்தை முடிப்பதற்குக் கோல் உதவிற்று. பொருள் மூன்று, செலவு ஒன்றுமில்லை.

இதில் வியத்தற்குரிய செய்தி மற்றொன்று உண்டு. கடித்துக்கொண்டிருக்கும் அட்டைக்கு உப்பிடுதலோ நெருப்பிடுதலோ நன்றன்று என்றும், அது தன் வயிற்றிலுள்ளதைக் கடிவாயிற் கக்கிவிடக் கூடும் என்றும், நகத்தையோ தட்டையான விளிம்பையோ அதன் வாய்ப்புறத்தின் கீழே மெல்லச் செலுத்தி வழித்து நீக்குதலே நன்று என்றும் இக்கால மருத்துவர் கூறுகின்றனர். அஃதாவது, அன்றைய மூன்று உபாயங்களுள் நாணற் கத்தியே இன்றைய மருத்துவத்துக்கு மிகவும் இசைந்தது. பெயர் தெரியாத ஒரு வழிப்போக்கர் நாணலைச் சீவியபோது இக்காரணங்களை அறிந்திருக்கமாட்டார். ஆயினும் அவர் கை வழுவவில்லை. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசிவதற்கு, அது உமிழும் ஒருவகை நீர் இரத்தத்தை உறையவொட்டாமற் செய்வதே காரணம். இது தெரிந்தால், தும்பறை மலைக்கும் உடவத்தைக் காட்டுக்கும் செல்லும் நம் மாணவர் அஞ்சமாட்டார்கள்.

தாளிப்பனை ஓலையைப் பற்றியும் நொக்ஸ் விரிவாகக் கூறுகின்றார். விரித்தால் ஒரு சிறு கூட்டத்தையே மழையிலிருந்து காக்கும் அவ்வோலை, மடித்தால் ஒரு கைக்குள் அடங்கும். விசிறியைப்போல் இயற்கையாகவே அது மடிப்புடையது. மக்கள் அதனை முக்கோண வடிவான துண்டுகளாக வெட்டித் தலைமேற் பிடித்துச் சென்றனர். எவ்வாறு பிடித்தனர் என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது. கூரிய முனை முன்னாக இருக்கும்படி பிடித்தனர். மழைக்குக் குடையாகிய ஓலை, கிளைகளை விலக்கும் ஆப்பாகவும் ஆயிற்று. போர்வீரர் பகலில் அதனைக் குடையாகக் கொண்டு, இரவில் அதனையே கூடாரமாக்கினர். ஒரு பொருளை வாங்குவதன்று, அதனைத் திருப்பிப் பிடிப்பதே உபாயம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

வெளியே சென்றது போதும், அடுக்களைக்குட் புகுவோம். நம் தாய்மார் அரிசி களையும் அரிக்கன் சட்டியை அறியாதார் இலர். சிங்கள மக்கள் அதனை நெம்பிலிய என்பர். உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் ஓடும் மட்பாத்திரம் அது. அரிசியும் நீரும் சேர்த்து, சட்டியைச் சற்றே சாய்த்துச் சுழற்றச் சுழற்ற, அரிசி நீரோடு மிதந்து மறு பாத்திரத்துக்குச் செல்லும். கல்லும் மணலும் பள்ளங்களிற் சிக்கி நிற்கும். பொறுக்கியெடுத்தால் ஒரு மணித்தியாலம் ஆகும் வேலை நான்கு சுழற்றலில் முடிந்துவிடும். கல் அரிசியினும் கனமானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், கனமானது தானே பிரிந்து நிற்கும்படி ஓர் இடத்தைச் சட்டிக்குள்ளே அமைத்துக் கொடுக்கலாம் என்பதைக் கண்டவர் எந்தக் குயவரோ, எந்தப் பெண்மணியோ, அறியோம்.

இரத்தினபுரியில் மாணிக்கக் கல் அகழ்வோர் செய்வதும் இதுவே. சரளை மண்ணை மூங்கிற் கூடையிலிட்டு நீருக்குள் சுழற்றுவர். மணல் நீரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமுடையது. நீலக்கல் ஏறக்குறைய நான்கு மடங்கு கனமுடையது. ஆதலின் இலேசானவை வெளியே சிந்த, மணிகள் அடியிற் தங்கும். அடுக்களையிற் கல்லை எறிந்து அரிசியைக் கொள்கின்றோம். சுரங்கத்தில் மண்ணை எறிந்து கல்லைக் கொள்கின்றோம். தத்துவம் ஒன்றே. பின்னையதைத் தொழில் என்கின்றோம். முன்னையதைப் பெண்களின் வேலை என்று சொல்லி விட்டுவிடுகின்றோம்.

கண்டியின் ஈரக்காற்று மற்றோர் இடர். உப்புக் கசியும்; தீப்பெட்டி நமுக்கும்; விதைநெல்லிற் பூஞ்சணம் பிடிக்கும். இதற்குக் கிராமத்து வீடுகள் கண்ட பரிகாரம் அடுப்புக்கு மேலே கட்டிய பரண். எரிகின்ற அடுப்பின் சூடும் புகையும் வீணே கூரைக்குச் செல்லும் வழியில், விதையையும் மிளகையும் கொறுக்காயையும் வைத்துவிட்டனர். சூடு ஈரத்தை நீக்கிற்று. புகை பூச்சியை விலக்கிற்று. சமையலுக்கு எரித்த விறகே களஞ்சியத்தையுங் காத்தது. வீணாகச் செல்வதன் வழியிற் பயனுள்ளதை வைப்பது என்னும் இத்தத்துவத்தை மாணவர் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

நீர் குளிர்விக்கும் மண்பானையின் செய்தி இதற்கு மறுபுறமானது. பானையின் நுண்ணிய துளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்போது, பானையின் சூட்டையும் உடன்கொண்டு செல்லும். காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் விரைவாக நிகழும். ஆதலின் யாழ்ப்பாணத்துக் கோடையிற் குளிரும் அளவுக்குக் கண்டியின் மழைநாளில் பானை நீர் குளிராது. உபாயம் எத்துணைச் சிறந்ததாயினும் இடமறிந்து பயன்படுத்தினாலன்றிப் பலிக்காது என்பதை இது காட்டும். வறண்ட நாடாகிய வட நைஜீரியாவிற் குயவர் குடும்பத்திற் பிறந்த ஆசிரியர் முகமது பா அபா, பானைக்குள் ஒரு பானையை வைத்து, இரண்டுக்கும் இடையே ஈரமணலை நிரப்பி, வாயை ஈரத்துணியால் மூடினார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் 27 நாட்கள் கெடாதிருந்தது. மின்சாரமில்லாத கிராமங்களில் அப்பானைகளைப் பரப்பியமைக்காக அவருக்கு 2000 ஆம் ஆண்டில் றோலெக்ஸ் பரிசு கிடைத்தது. பானையும் மணலும் அந்நாட்டுக்குப் புதியனவல்ல. அவற்றைச் சேர்த்து வைத்ததே புதிது.

இனி, நம்மவரிற் பெரும்பாலாரின் வாழ்வோடு பிணைந்த தேயிலைத் தோட்டத்தை நோக்குவோம். கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867 இல் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். அவரிடம் ஆலை இருக்கவில்லை. பங்களாவின் விறாந்தையிற் கிடந்த மேசைகளே ஆலையாயின. கொழுந்தை மேசைமேற் பரப்பி மணிக்கட்டு முதல் முழங்கை வரையான கையினால் உருட்டினர். களிமண் அடுப்பில் கரித்தணலின் மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினர். இலங்கைக்கு உலகப்புகழ் தேடித்தந்த பெருந்தொழில் ஒரு மேசையிலும் ஒரு முழங்கையிலும் தொடங்கியது.

டெயிலரின் பெயரை வரலாறு வைத்திருக்கின்றது. கொழுந்து கொய்த பெண்களின் உபாயங்களை யார் வைத்திருக்கின்றார்? கூடையை அவர்கள் கையிற் தூக்குவதில்லை. கயிற்றைத் தலையில் மாட்டி முதுகிற் தொங்கவிடுவர். பாரம் முதுகெலும்பின் வழியே இறங்க, இரு கைகளும் கொழுந்துக்கு உரியனவாகும். நிரம்பிய கைப்பிடியைத் திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிவர். செடிகளின்மேல் மெல்லிய நீண்ட கம்பு ஒன்றைக் கிடத்தி, அதற்கு மேலே நீட்டி நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளுவர். நீர்மட்டமும் அளவுகோலும் செய்யும் வேலையை அக்கம்பு செய்யும். மலைச்சரிவு முழுவதும் வெட்டிவைத்த பாய்போற் சமமாகத் தோன்றுவது அதனாலேயே. கூடை இடைவெளியுடைய பின்னலாயிருப்பதும் காரணமற்றதன்று. நெருங்கி அடைபட்ட கொழுந்து தானே சூடேறிக் கெடும். காற்று ஊடுருவினாற் கெடாது. மழையில், கோணிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளித் தலையையும் முதுகையும் ஒருங்கே மூடும் கொங்காணி ஆக்குவதும் அன்னார் கைவந்த கலை.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. தலையிற் கயிறு மாட்டி நாள்தோறும் சுமப்பவளின் கழுத்து நோகும். சாக்குக் கொங்காணி மழையைத் தடுக்கும், குளிரைத் தடாது. எளிய உபாயம் துன்பத்தைத் தாங்கத்தக்கதாக்கும், துன்பத்தை நீக்கிவிடாது. சில வேளைகளில், தாங்கத்தக்கதாக்கியமையாலேயே மற்றவர் அத்துன்பத்தைக் காணாதும் போகின்றனர். ஆதலின் இவ்வுபாயங்களைப் புகழுமிடத்து, அவை எத்தகைய நெருக்கடியிற் பிறந்தன என்பதையும் உடன்கூறுதல் நம் கடன். புகழ்ச்சி கூலிக்கு ஈடாகாது. வியப்பு நல்ல வீட்டுக்கு ஈடாகாது.

தச்சர் கைத்திறனிலும் இத்தன்மை காணலாம். கண்டிக்கு அண்மையில், உடுநுவரையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. கம்பளை அரசர் காலத்தது. அதன் தூண்களிலுள்ள சிற்பங்களைக் கண்டு வியந்து திரும்புவோர் பலர். அவர்கள் ஒருமுறை தலையை நிமிர்த்திக் கூரையையும் பார்க்கவேண்டும். மண்டபக் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் விசிறிபோல் வந்து கூடுகின்றன. அவையனைத்தையும் ஒரே மர ஆணி பிணைத்து நிற்கின்றது. இருபத்தாறு இணைப்புகள் வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்று கண்ட தச்சனை என்னென்பது! பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833 இற் கட்டிமுடித்த முதிரை மரப் பாலமும் ஆணியோ திருகாணியோ இன்றி 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்றது. மரங்கள் ஒன்றையொன்று முட்டி நெருக்குவதே அதன் வலிமை. அது 1905 வரை பயன்பட்டது. பாரத்தைத் தடுக்கப் புதிய பொருளைத் தேடாது, பாரத்தையே பிணைப்பாக மாற்றியமை அதன் நுட்பம்.

இதுகாறும் கூறியவை வசதியைத் தருவன. உயிரைத் தருவனவும் உள. வங்காள தேசத்திற் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடிப்போரை வாந்திபேதி வாட்டியது. அந்நோய்க் கிருமி மிகச் சிறியது, துணியிற் தங்காது. ஆயினும் அக்கிருமிகள் நீரில் வாழும் நுண்ணிய உயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டே பெரும்பாலும் உலவுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வுயிர்கள் துணியிற் தங்கும் அளவினவே. எனவே, பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்பாகவேனும் மடித்துக் குடத்தின் வாயிற் கட்டி நீரை மொள்ளுமாறு மத்லாப் என்னும் பகுதியிற் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தனர். ரீற்றா கொல்வெல், அன்வர் ஹக் முதலியோர் 2003 இல் வெளியிட்ட முடிவின்படி, அவ்வழக்கத்தைக் கைக்கொண்ட கிராமங்களில் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்தது. புதுச் சேலையினும் பழஞ்சேலையே சிறந்தது. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்து துளைகள் சிறுத்துவிடும் ஆதலின். நீரைக் கொதிக்கவைத்தலே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விறகு வாங்க வழியில்லாதவளுக்குக் கிழிந்த சேலை காவலாயிற்று. நம் வீடுகளிலும் குடத்து வாயிற் துணிகட்டி நீர் வடித்த வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர்.

நம் நாட்டிலே நிகழ்ந்த ஒன்றைக் கூறாதொழியின் இக்கட்டுரை நிறைவுறாது. மின்சாரம் எட்டாத கிராமங்களிலும் தோட்டத்து லயங்களிலும் நெடுங்காலம் எரிந்தது குப்பி விளக்கு. வெறும் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி, மூடியிற் துளையிட்டுத் திரியைச் செருகினால் விளக்காயிற்று. அதுவும் வறியவர் கண்ட உபாயமே. ஆனால் அது ஆபத்தான உபாயம். உயர்ந்து மெலிந்த போத்தல் கைபட்டாற் சரியும், உருண்டையாதலின் ஓடும், மூடி கழன்று எண்ணெய் சிந்தும், கண்ணாடி உடையும், தீ உடையைப் பற்றும். அதன் கீழிருந்து படித்த பிள்ளைகளும், அடுப்படியில் நின்ற பெண்களும் எரிகாயமுற்று வைத்தியசாலைகளுக்கு வந்தனர், பலர் மீளவில்லை.

சத்திர சிகிச்சை நிபுணராகிய விஜய கொடகும்புர, வந்த காயங்களுக்கு மருந்திடுவதோடு அமையாது, காயத்தின் காரணத்துக்கு மருந்து தேடினார். கடையில் விற்கும் மார்மைற் போத்தல் அவர் கண்ணிற்பட்டது. அது குள்ளமானது, கனமானது, பக்கத்தில் தட்டையானது. அவ்வமைப்பைக் கொண்டு 1990 களின் தொடக்கத்தில் அவர் ஒரு விளக்கை ஆக்கினார். குட்டையாதலின் அது எளிதிற் சரியாது. இருபக்கமும் தட்டையாதலின் சரிந்தாலும் உருளாது. கண்ணாடி தடித்ததாதலின் விழுந்தாலும் எளிதில் உடையாது. மூடி திருகி இறுக்குவதாதலின் எண்ணெய் சிந்தாது. சுதீப என்பது அதன் பெயர். நல்விளக்கு என்று பொருள். இலட்சக்கணக்கான விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன. 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் பரிசு அளிக்கப்பட்டது. அவ்விளக்கில் விளங்காத விஞ்ஞானம் ஏதேனும் உண்டா? ஒன்றுமில்லை. குள்ளமானது சரியாது, தட்டையானது உருளாது என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் போத்தல் எத்தனையோ வீட்டு மேசைகளில் நெடுநாள் இருந்தது. அதற்கருகிற் குப்பி விளக்கும் எரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் வேண்டியிருந்தது; பார்க்கத் தூண்டுவதற்குப் பிறர் துன்பங் கண்டு வருந்தும் ஒரு நெஞ்சம் வேண்டியிருந்தது.

இக்காலத்தில் மின்விளக்கு எங்கும் வந்துவிட்டது, இனி இவை எதற்கு என்று சிலர் வினாவலாம். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் அழுந்தியபோது, மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் மறத்தற்கில்லை. எரிவாயு கிடையாது விறகடுப்புக்கு மீண்ட பலருக்கு அடுப்பு மூட்டத் தெரியவில்லை, பாட்டிமாரைக் கேட்டனர். கேட்பதற்குப் பாட்டிமார் இருந்தது நற்பேறு.

எல்லா உபாயமும் நல்லுபாயம் அன்று என்பதையும் வற்புறுத்திக் கூறுகின்றோம். எரிகாயத்தின்மேல் எண்ணெயும் பற்பசையும் பூசுவது பரம்பரை வழக்கமாயிருக்கலாம், அது தீங்கு. ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுவதே முதலுதவி. பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. கடியுண்ட அங்கத்தை அசைக்காது விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே தகும். மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது வசதிபோலத் தோன்றும். தாகமுற்ற குழந்தைக்கு அது நஞ்சாகும். ஓர் உபாயத்தை ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இது ஏன் பலிக்கின்றது? தவறினால் யாருக்குக் கேடு? இதனினும் பாதுகாப்பான வழி அறிஞராற் கூறப்பட்டிருக்கின்றதா? பழையது என்பதனாற் கொள்ளுதலும் பிழை. பழையது என்பதனாற் தள்ளுதலும் பிழை.

மேற்கூறிய உதாரணங்களைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் புலனாகும். முதலாவது, நல்லுபாயம் பெரும்பாலும் புதுப்பொருளை வேண்டுவதில்லை. உள்ள பொருளின் நிலையை மாற்றுகின்றது. ஓலையைத் திருப்பிப் பிடித்ததும், பெட்டியின் கீழே சக்கரத்தை வைத்ததும் அவ்வகையின. இரண்டாவது, அது இயற்கையோடு மல்லுக்கு நில்லாது, இயற்கையையே வேலை வாங்குகின்றது. அரிக்கன் சட்டியிற் கல்லின் கனமும், பரணில் அடுப்பின் புகையும் வேலைக்காரராயின. மூன்றாவது, துன்பத்தை உற்று நோக்கியவருக்கே அது தோன்றுகின்றது. துன்புறுவோர் நாள்தோறும் நோக்குகின்றனர். ஆதலின் அவர்களே பெரும்பாலும் கண்டுபிடிப்போர். அவர்கள் கையில் எழுதுகோல் இருக்கவில்லை. ஆதலின் அவர்கள் பெயர் இல்லை.

எழுதுகோல் இப்பொழுது யார் கையில் இருக்கின்றது? இம்மலரைப் படிக்கும் பழைய மாணவராகிய உங்கள் கையில். உங்களுட் பலர் லயத்து அறையிலிருந்தும், கடைவீதி மாடியிலிருந்தும், கிராமத்து மண்வீட்டிலிருந்தும் கல்விக்கு வந்தவர்கள். இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் வணிகராயும் பல நாடுகளில் வாழ்கின்றீர்கள். உங்களைப் படிப்பித்த தாய்மார் செய்த வேலையைச் சொல்லக் கூசிய பிள்ளைகளையும் நாம் வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம். “அம்மாவின் கைவேலைகளுள் ஒன்றை எழுதி, அது ஏன் பலிக்கின்றது என்று விளக்குக” எனக் கட்டுரைப் பாடத்தில் ஒரு முறை பணித்தோம். அவ்வாரம் முழுவதும், பேசாதிருந்த பிள்ளைகளே முதலிற் கையுயர்த்தினர். தேயிலைக் கம்பின் பயனைக் கரும்பலகையிற் படம் வரைந்து விளக்கிய மாணவியை வகுப்பு முழுவதும் மௌனமாகக் கேட்டது. இலக்கணம் அன்று சற்றுப் பின்தங்கிற்று, தமிழ் பின்தங்கவில்லை.

ஆதலின் அன்புடையீர்! உங்கள் இல்லத்து முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். ஒருவர் மூன்று உபாயங்களை, அவற்றின் காரணத்தோடும், எவரிடம் கற்றோம் என்ற பெயரோடும் எழுதியனுப்பினால் அடுத்த மலரில் ஒரு பகுதி நிரம்பும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர் என்று பின்னோர் நம்மைப் பழிக்க விடலாகாது. கண்டபின் எளியனவாய்த் தோன்றும் இவற்றைக் காணுமுன் கண்டவர்கள் நம் முன்னோர். அவர்கள் கண்டதை எழுதிவைத்தல் நம் கடமை. அவர்கள் காணாததைக் காணுதல் நம் பிள்ளைகளின் கடமை. அவ்விரண்டுக்கும் இக்கல்லூரி என்றும் நிலைக்களமாக விளங்குக!